ஒரே வாகனம், இரண்டு தீர்ப்பு: கிளிநொச்சியில் ஒரு பிளக்-இன் ஹைபிரிட் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 பெப்ரவரியில் கிளிநொச்சியில் அரிசி ஆலை நடத்தும் ஒருவர் வாகனம் ஒன்று பற்றிக் கேட்க வந்தார். அறுபதை நெருங்கும் வயது. வீட்டில் ஏற்கெனவே டீசலில் ஓடும் ஒரு டபிள் கப் பிக்கப்பும் ஒரு பழைய டொல்பின் வானும் நின்றன. மனைவி பரந்தனுக்கு அப்பால் ஒரு பாடசாலையில் உப அதிபர். மகளும் மருமகனும் லண்டனில் இருக்கிறார்கள், ஆலைக்காரரின் தம்பி ரொறன்ரோவில். நான் வாகன மின்வேலை செய்பவன். வாங்க முன் ஒரு வாகனத்தைப் பார்த்துச் சொல்லும்படி ஆட்கள் வருவது வழக்கம். குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் விபரங்களை விட்டுவிட்டேன்.

அவர் பார்த்து வைத்திருந்தது பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 எக்ஸ்டிரைவ் 40இ. பெற்றோலிலும், பிளக்கில் செருகி ஏற்றும் பற்றரியிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் வகை. 2016இல் செய்தது, இங்கிலாந்தில் ஓடி ரீகண்டிஷனாக வந்து கொழும்பில் ஒருவரிடம் நின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு நாட்டுக்குள் இருப்பதுதான் சந்தை. விலை கோடிக்கணக்கில். பெற்றோல் இயந்திரம் 245 குதிரைவலு, மின்மோட்டர் 113, இரண்டும் சேர்ந்தால் 313. பின்பெட்டிக்குக் கீழே 9 கிலோவாட் மணி அளவு பற்றரி. மதிலில் உள்ள பிளக்கில் செருகினால் நான்கு மணித்தியாலம் அளவில் நிரம்பும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது 2022ஐ இங்கே கழித்த எவருக்கும் விளங்கும். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. பிறகு எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 330 கிலோமீற்றருக்குக் கிட்ட. இருபது லீற்றரில் போய்ச் சேருவதே சந்தேகம், திரும்பி வருவது இல்லவே இல்லை. அரிசிக்காரருக்கு மரந்தகஹமுல, புறக்கோட்டை அரிசிச் சந்தைகளுக்குப் போகாமல் வியாபாரம் இல்லை. வீட்டுக் கரண்டில் ஓடும் வாகனம் ஒன்று வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் பிடித்தது. அதே ஆண்டு மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்டே இல்லாமல் இருந்தோம் என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நான் ஞாபகப்படுத்தினேன். அவர் சிரித்தார்.

இரண்டு கட்டுக் கடதாசி

வரும்போதே இரண்டு கட்டு அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். ஒன்று மருமகன் அனுப்பிய இங்கிலாந்துப் பத்திரிகைகளின் வாகன மதிப்புரைகள். மற்றது தம்பி அனுப்பிய வட அமெரிக்க மதிப்புரைகள். முதல் கட்டு முழுக்கப் புகழ்ச்சி: சத்தமே இல்லை, காலையில் வேலைக்குப் போய் வர ஒரு சொட்டுப் பெற்றோல் வேண்டாம், 100 கிலோமீற்றருக்கு 3.3 லீற்றர். இரண்டாவது கட்டில் சலிப்பு: பற்றரி சீக்கிரம் முடிகிறது, முடிந்த பிறகு பாரத்தைச் சுமந்துகொண்டு போகும் நான்கு சிலிண்டர் வாகனம், கலனுக்கு 24 மைல், ஏழு இருக்கை கிடையாது, பின்பெட்டியும் சின்னது.

மருமகன் தொலைபேசியில் சொன்னது: “மாமா, இஞ்சை கந்தோர்க்காரர் எல்லாரும் இதைத்தான் எடுக்கினம்.” தம்பி சொன்னது: “அண்ணை, உது பெற்றோல் குடிக்கிற சாமான். விடுங்கோ.” இரண்டு பேரும் அக்கறையில்தான் சொன்னார்கள். குடும்பத்துக்குள் இது மெல்ல மானப் பிரச்சினையாகிக் கொண்டிருந்தது, மருமகனின் பேச்சா தம்பியின் பேச்சா எடுபடும் என்கிற அளவுக்கு.

எண்களை ஒரே அளவுக்கு மாற்றியதும் வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. 100 கிலோமீற்றருக்கு 3.3 லீற்றர் என்றால் லீற்றருக்கு 30 கிலோமீற்றர். அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், அந்தக் கணக்கில் 24 மைல் என்பது லீற்றருக்குப் பத்துத்தான். (இங்கிலாந்துக் கலன் 4.546 லீற்றர். இரண்டு கட்டையும் பக்கத்தில் வைத்து மைலை மட்டும் ஒப்பிட்டவர்களுக்கு இதுவே பாதிக் குழப்பம்.) முப்பதா, பத்தா? ஆலைக்காரர் கேட்டது நேரான கேள்வி: “இதிலை ஆர் பொய் சொல்லுறது?”

பொய் எங்கே என்று தேடியபோது

யாரும் பொய் சொல்லவில்லை. 3.3 என்பது பத்திரிகைக்காரர் ஓட்டி அளந்ததல்ல, அன்றைய ஐரோப்பியச் சோதனை முறையின் விளைவு. அந்த முறையில் வாகனம் ஆய்வுகூடத்தில் உருளை மேல் 11 கிலோமீற்றர், இருபது நிமிடம் அளவு ஓடும். சராசரி வேகம் மணிக்கு 33 கிலோமீற்றர் போல. ஏசி போடுவதில்லை. பிளக்-இன் வாகனத்துக்கு இதற்கு மேலே ஒரு சூத்திரமும் உண்டு: பற்றரியில் ஓடும் தூரம் முழுவதும் பெற்றோல் இல்லை, பிறகு 25 கிலோமீற்றர் மட்டும் பெற்றோலில் ஓடினால் அடுத்த பிளக் வந்துவிடும் என்று வைத்துக்கொள்வார்கள். 40இக்கு மின்தூரம் 31 என்று பதிவாகியிருந்தது. 31ஐயும் 25ஐயும் கூட்டினால் 56 கிலோமீற்றர். இதில் பெற்றோல் எரிவது 25இல் மட்டும், ஆனால் வகுப்பது 56ஆல். 3.3ஐ வைத்துத் திருப்பிக் கணக்குப் பார்த்தால், பற்றரி முடிந்த பிறகு 100 கிலோமீற்றருக்கு 7.4 லீற்றர் வருகிறது. அதுவும் ஏசி இல்லாத, உருளை மேல் மெதுவாக ஓடிய 7.4.

அமெரிக்க முறை இரண்டையும் கலக்காது. கரண்டில் எவ்வளவு தூரம் என்று ஒரு எண், வெறும் பெற்றோலில் எவ்வளவு என்று இன்னொரு எண். வேகம், ஏசி, குளிர் எல்லாவற்றுக்குமாக எண்ணை இறக்கித்தான் போடுவார்கள். அங்கே இந்த வாகனத்துக்கு மின்தூரம் 14 மைல், அதாவது 22 கிலோமீற்றர் சொச்சம்.

ஆக எண்கள் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் கட்டுரைகளின் தொனி ஏன் அப்படி மாறியது? ஒவ்வொரு கட்டுரையையும் எடுத்து, எழுதியவர் எங்கிருந்து எங்கே போனார், இரவில் செருகினாரா, எந்த வேகத்தில் ஓட்டினார், எதோடு ஒப்பிட்டார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு போனோம். இதுதான் அந்த வாரம் செய்த உருப்படியான வேலை. புகழ்ந்தவர்களில் கூடுதலானோர் வீட்டிலோ கந்தோரிலோ செருகியிருக்கிறார்கள். குறை சொன்னவர்களில் சிலர் வாகனத்தை இரவலாக வாங்கி நெடுந்தூரம் ஓட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். செருகியதாக ஒரு வரிகூட இல்லை. இங்கிலாந்தில் கம்பனி வாகனத்துக்கான வரி, கரியமில வாயு அளவையும் வைத்துத்தான் போடப்படுகிறது; பெற்றோல் எண் குறைந்தால் அந்த அளவும் குறையும். 3.3 என்ற எண் அங்கே மாதாமாதம் சம்பளத்தில் தெரியும் பணம். மருமகன் சொன்ன ‘கந்தோர்க்காரர்’ வாங்குவதன் காரணம் இதுதான், எங்களுக்கு இங்கே அந்த வரிச்சலுகை இல்லை. ஐரோப்பியர் ஆறு சிலிண்டர் டீசலோடு ஒப்பிடுகிறார், அமெரிக்கர் ஆறு சிலிண்டர் பெற்றோலோடு. கிளிநொச்சியில் ஒப்பீடு பிராடோவோடும் டபிள் கப்போடும்.

இந்த வகை வாகனத்துக்கு இப்படி நடப்பது புதிதும் அல்ல. 2011இல் வந்த பிஸ்கர் கார்மா என்ற பிளக்-இன் காரை இங்கிலாந்தின் ‘டொப் கியர்’ சஞ்சிகை அந்த ஆண்டின் சொகுசுக் காராகத் தேர்ந்தெடுத்தது. 2012 மார்ச்சில் அமெரிக்காவின் ‘கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்’ சொந்தக் காசில், ஒரு லட்சம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய கார்மா சோதனை தொடங்க முன்னரே செத்து நின்றது. ஒருவர் அழகையும் ஓட்டத்தையும் பார்த்தார், மற்றவர் காசு கொடுத்த வாடிக்கையாளரின் இடத்தில் நின்று பார்த்தார்.

2020இல் ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பும் ஜேர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனமும் சுமார் ஒரு லட்சம் பிளக்-இன் வாகனங்களின் ஓட்டத்தைப் பார்த்து வெளியிட்ட ஆய்வை நான் எடுத்துக் காட்டினேன். சோதனை முறை தூரத்தில் 69 வீதம் கரண்டில் ஓடும் என்று எடுத்துக்கொள்ள, தனியார் வாகனங்கள் உண்மையில் ஓடியது 37 வீதம். கம்பனி வாகனங்கள் 20 வீதம் அளவு. ஆலைக்காரர் இதை அவ்வளவு பொருட்படுத்தவில்லை. “அவங்கள் பஞ்சிப்படுகிறாங்கள், நான் செருகுவன்” என்றார்.

வீட்டுக் கணக்கு

சரி, அவருடைய ஓட்டம் எப்படி? டபிள் கப்பின் மீற்றரைச் சாரதி ஒரு மாதம் கொப்பியில் எழுதினார். காலையில் வீட்டிலிருந்து ஆலை, வங்கி, வட்டக்கச்சிப் பக்கம் நெல்லுக் களஞ்சியம், திரும்ப வீடு. இருபது கிலோமீற்றர் சொச்சம். வாரத்தில் ஒரு நாள் யாழ்ப்பாணம் அல்லது வவுனியா. மாதத்தில் இரண்டு தரம் கொழும்பு.

இதில் ஒரு சுவாரசியம் இருந்தது. நாட்களை எண்ணினால் முக்கால்வாசி நாட்கள் பற்றரிக்குள் அடங்கும். கிலோமீற்றரை எண்ணினால் கால்வாசிதான் அடங்கும், கொழும்பு ஓட்டம் மீதியை விழுங்கிவிடுகிறது. மருமகன் நாட்களைப் பார்க்கிறார், தம்பி கிலோமீற்றரைப் பார்க்கிறார் என்று சொல்லலாம். இரண்டு கட்டும் இந்த ஒரே வீட்டுக்குள்ளேயே உண்மை.

அடுத்தது காசு. ஏப்ரலில் 95 ஒக்டேன் லீற்றர் 375 ரூபா. லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றர் என்று வைத்தால் கிலோமீற்றருக்கு 34 ரூபா. கரண்டில் ஓட, மதிலில் இருந்து எட்டு அலகு (யூனிட்) எடுத்தால் இருபது கிலோமீற்றர் அளவு. மாதம் 180 அலகைத் தாண்டிய வீட்டுக்கு அப்போது ஒரு அலகு 75 ரூபா. எட்டு அலகு 600 ரூபா, கிலோமீற்றருக்கு 30. பெற்றோலுக்கும் கரண்டுக்கும் வித்தியாசம் நாலு ரூபா! இதற்காகவா இத்தனை கோடி என்று அவர் மகன் கேட்டார், நியாயமான கேள்வி.

ஆனால் இவர்கள் வீட்டுக் கூரையில் 2019இல் போட்ட சூரியத் தகடு இருக்கிறது, நெற் அக்கவுண்டிங் முறையில். மிச்சக் கரண்டை மின்சார சபைக்குக் கொடுத்தால் முதல் ஏழு ஆண்டுக்கு அலகுக்கு 22 ரூபா. மாதா மாதம் வீட்டுக்குக் காசு வந்துகொண்டிருந்தது. ஆகவே வாகனத்துக்கு எடுக்கும் ஒவ்வொரு அலகும் இழக்கும் 22 ரூபாதான், 75 அல்ல. கிலோமீற்றருக்கு ஒன்பது ரூபாவுக்குள் முடிகிறது. அதே வாகனம், அதே றோட்டு. பிளக் எந்த மீற்றரில் தொங்குகிறது என்பதைப் பொறுத்து 30 அல்லது 9. இந்த வரி இரண்டு கட்டிலும் எங்கேயும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆலையில் செருகுவதை நான் வேண்டாம் என்றேன். அது வேறு கட்டணம், போதாததற்கு உமி நீக்கும் மோட்டர் கிளம்பும் ஒவ்வொரு தரமும் அங்கே வோல்ற்றேஜ் விழும்.

ஓட்டிப் பார்த்தது

ஜூனில் விற்பவர் தன் சாரதியோடு வாகனத்தை அனுப்பினார். புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக வந்தது. வவுனியாவில் நான் ஏறிக்கொண்டேன். பற்றரி கொழும்பைத் தாண்டுவதற்குள்ளேயே தீர்ந்துவிட்டது என்று சாரதி சொன்னார்.

ஓமந்தைக்கு இங்காலே ஏ9இல் 65, 70இல் பிடித்தோம். அதிவேக நெடுஞ்சாலை தவிர்ந்த றோட்டுகளில் இந்த நாட்டில் காருக்கு 70தான் எல்லை. ஜேர்மன் நெடுஞ்சாலையில் 130இல் ஓட்டிய ஒருவர் எழுதிய குறை எங்களுக்குப் பாதிக்கு மேல் பொருந்தாது; காற்றுத்தடை வேகத்தோடு மிக வேகமாக ஏறும். ஏசி முழுக்கப் போட்டும் லீற்றருக்குப் பதினொன்றை ஒட்டி வந்தது. இன்னொரு பக்கம், வன்னி தட்டை நிலம். இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பற்றரிக்குக் கரண்டு திரும்புகிற கதை மலைநாட்டுக்குச் சரி. இங்கே பிரேக் பிடிப்பது மாட்டுக்குத்தான், புளியங்குளம் தாண்டினால் அது ஒன்றும் குறைவில்லை. ஆனாலும் அதில் சேர்ந்தது பெரிதாக ஒன்றுமில்லை.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள், இன்னும் வாங்காத வாகனத்துக்கு. அப்போதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

வீட்டில் சார்ஜ் ஏற்றிய பிறகு ஒரு நாள் மின்முறையில் வட்டக்கச்சிப் பக்கம் போனோம். சத்தம் இல்லை என்று புகழ்ந்த கட்டுரைகள் சரி. ஆனால் மம்மல் நேரத்தில் விளக்கில்லாத சைக்கிளில் வயலால் திரும்பும் ஆட்களுக்கும் அந்தச் சத்தம் இல்லை. புதிதாக அனுமதி பெறும் மின் வாகன வகைகளில் பாதசாரிக்கு ஒலி எழுப்பும் கருவி இருக்க வேண்டும் என்று ஐரோப்பா கட்டாயமாக்கியது 2019இல். இது அதற்கு முந்தியது. இரண்டு தரம் ஹோர்ன் அடித்துத்தான் ஆட்களை விலத்த வேண்டியிருந்தது.

இரணைமடுவுக்குப் போகும் கிரவல் வழியில் வாகனம் நன்றாகவே போனது. பிரச்சினை டயர். ரன்-பிளாட் டயர்; காற்றுப் போனாலும் 80 கிலோமீற்றர் வேகத்தில் 80 கிலோமீற்றர் தூரம் ஓட்டலாம். ஸ்பெயார் வீல் இல்லை. இங்கிலாந்தில் அழைத்தால் வண்டி வந்து தூக்கும். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் நாங்கள் கேட்ட கடைகளில் அந்த அளவு இருக்கவில்லை; கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும் என்றார்கள். முள்ளும் அறுவடைக் கட்டையும் உள்ள வழிகளில் தினமும் போகிற ஒருவருக்கு இது மைலேஜை விடப் பெரிய விஷயம் என்று நான் கருதினேன், இன்றைக்கும் கருதுகிறேன்.

எர்த்

அந்தச் சார்ஜும் இலேசில் ஏறவில்லை. வாகனம் வந்த அன்றிரவு வீட்டில் செருகினார்கள். சார்ஜ் ஏறவில்லை. கேபிளில் உள்ள பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டியது. விற்பவரின் சாரதி பதறிக் கொழும்புக்கு அழைத்தார். “சார்ஜர் பழுது, கொழும்பு வீட்டில் நேற்றுக்கூட ஏறியது” என்று பேச்சு. ஆலைக்காரர் முகம் மாறிவிட்டது. தம்பிக்கு உடனே தகவல் போய், ரொறன்ரோவிலிருந்து ‘நான் சொன்னனான்’ என்ற அழைப்பும் வந்தது.

சார்ஜரில் பிழை இல்லை. இவ்வகைக் கேபிள்கள் கரண்டைக் கொடுக்க முன் எர்த் (கசியும் கரண்டை நிலத்துக்குள் இறக்கும் இணைப்பு) சரியாக இருக்கிறதா என்று தாங்களே பார்க்கும், இல்லாவிட்டால் கொடுக்கா. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த எர்த் கம்பிதான். இந்த வீட்டின் கம்பி, 2012இல் வீடு கட்டியபோது போர்ட்டிக்கோ ஓரமாக நிரப்பிய கிரவலுக்குள் இறக்கப்பட்டிருந்தது. மாரியில் அந்த மண் ஈரமாக இருக்கும், ஒன்றும் தெரியாது. ஜூனில் சோளகம் அடித்து நிலம் காய்ந்தால் அந்தக் கம்பி வெறும் அலங்காரம். அளந்தபோது அதன் தடை 200 ஓமை நன்றாகத் தாண்டியிருந்தது; தடை கூடினால் எர்த் பலவீனம். பிரித்தானிய வயரிங் விதிகளின்படி 200ஐத் தாண்டிய எர்த்தை நிலையானதாக நம்பக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியும் மோட்டரும் பதினொரு வருடமாக இதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. வாகனம் மட்டும்தான் வாய் திறந்து சொன்னது.

கிணற்றடியில், எப்போதும் நீர் ஊறும் இடத்தில், செம்பு பூசிய இரண்டு நீளக் கம்பிகளை இடைவெளி விட்டு இறக்கி இணைத்தோம். அளவு சில பத்து ஓமுக்கு வந்தது. ட்ரிப் சுவிட்சையும் சோதித்து மாற்றினோம். சார்ஜுக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி வயரும் 13 அம்பியர் சதுரப் பிளக்கும் போட்டோம். பல பிளக் அடாப்டரில் நான்கு மணித்தியாலம் பத்து அம்பியர் இழுத்தால் அது உருகும். அடுத்த நாள் இரவு சார்ஜ் ஏறியது. துணை மீற்றர் எட்டு அலகை ஒட்டிக் காட்டியது, கணக்கில் வைத்ததுதான்.

முடிவு

நான் சொன்னது இது: பிளக்-இன்தான் வேண்டும் என்றால் மிற்சுபிஷி அவுட்லாண்டரைப் பாருங்கள். 12 கிலோவாட் மணி பற்றரி, மின்தூரம் கூட, திருத்தத் தெரிந்தவர்களும் கூட. சொகுசுதான் வேண்டும் என்றால் இந்த 40இ நல்ல வாகனம், ஆனால் பெற்றோல் மிச்சம் என்ற பெயரில் வாங்காதீர்கள். விலையை வைத்துப் பார்த்தால் எந்தக் கணக்கிலும் அந்த மிச்சம் திரும்பி வராது.

அவர் 40இயை வாங்கினார், ஜூலையில். காரணத்தை மறைக்கவில்லை. மனைவிக்கு நாரி (இடுப்பு) வருத்தம். டபிள் கப்பில் கொழும்புக்குப் போய் இறங்கினால் இரண்டு நாள் படுக்கை. இந்த இருக்கையில் அவர் வலியில்லாமல் வந்திறங்கினார். இதோடு, மருமகன் சொன்னதைக் கேட்டதாகவும் இருக்கும் என்பது நான் ஊகித்தது. இது சரியான காரணமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு இடமில்லை. ஆனால் அது தெளிவான காரணம், முப்பதா பத்தா என்ற விவாதத்தில் ஒரு நாளும் வராத காரணம்.

வாங்க முன் இரண்டு நிபந்தனை வைத்தோம். கொழும்பில் பற்றரியை முழுக்க ஏற்றி, ஏசியோடு, இயந்திரம் கிளம்பாமல் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைய ஓடியது, ஏழு வருட பற்றரிக்கு அது நல்லது. நான்கு டயரும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன, அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொண்டார்கள். வயலுக்கும் களஞ்சியத்துக்கும் டபிள் கப்பே போகும் என்று பேசிக்கொண்டார்கள்.

பின்பு நடந்தது

ஆகஸ்டில் ஒவ்வொரு இரவும் செருகினார். செப்டெம்பர் முதலாம் திகதி கியூஆர் முறை நின்றது. பெற்றோல் வேண்டியபடி கிடைத்தது. 85 லீற்றர் தாங்கியை நிரப்பினால் கொழும்புக்குப் போய்வந்தும் மிச்சம் இருக்கும். ஒக்டோபரில் சேவைக்காக வாகனத்தைப் பார்த்தபோது கேபிள் பின்பெட்டியில் பையோடு சுற்றிக் கிடந்தது. மழைக்காலம், இரவில் களைத்து வருகிறேன் என்று காரணம் இருந்தது. காலபோக வேலை தொடங்கியதும் அவர் பகல் முழுவதும் டபிள் கப்பில்தான். அதாவது 40இ கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டும் கிளம்பியது. பற்றரி அதிகமாக உதவும் அந்தச் சின்ன ஓட்டங்கள் எல்லாம் டீசலில் நடந்தன. தம்பியின் கட்டு அப்படியே பலித்தது, வாகனத்தால் அல்ல.

திருப்பம் வந்தது வீட்டு அம்மாவால், உப அதிபரான அவர் மனைவியால். அவருடைய பாடசாலை வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீற்றர். அதுவரை வானில் போய் வந்தார். போய் வர பதினெட்டு. பற்றரிக்குள் சரியாக அடங்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு முன் வீடு திரும்புவார், கூரையில் வெயில் இருக்கும்போதே செருகலாம். முதலில் அவர் ஒப்பவில்லை: “உதிலை பள்ளிக்கூடத்துக்குப் போய் இறங்கினால் சனம் என்ன கதைக்கும்?” சிறிய விஷயமல்ல. பிள்ளைகள் சைக்கிளில் வரும் பாடசாலை அது. கொஞ்ச நாள் யோசித்து, 2024 பாடசாலை ஆண்டு தொடங்கியபோது எடுத்துப் போக ஆரம்பித்தார். நாரிதான் அவரையும் சம்மதிக்க வைத்தது.

அதற்குப் பிறகு சாரதியின் கொப்பி தலைகீழாக மாறியது. தவணைக் காலத்தில் கொழும்பு ஓட்டம் இல்லாத வாரங்களில் பெற்றோல் முள் அசையவே இல்லை. ஒரே ஒரு கோளாறு, பெற்றோல் வாரக்கணக்கில் தாங்கியில் கிடப்பது. கால் தாங்கிக்கு மேல் வைக்க வேண்டாம், கிழமைக்கு ஒரு தரமாவது இயந்திரத்தை நன்றாகச் சூடாக ஓட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். டயர் ஒன்று வெட்டுப்பட்டது, எதிர்பார்த்தபடியே. கொழும்பிலிருந்து வரும்வரை வாகனம் நான்கு நாள் கொட்டிலில் நின்றது. இப்போது ஒரு டயர் வீட்டில் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

மருமகன் 2024 ஆடியில் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டுத் தன் கட்டுரைகள் சரி என்றார். தம்பி அதே ஆண்டு மார்கழியில் வந்து கொழும்பிலிருந்து வீடு வரை ஓட்டிவிட்டுத் தன் கட்டுரைகள் சரி என்றார்.

அடுத்த முறை மாறுபவை

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தபின் இதே கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள். கையில் அதே மாதிரிக் கட்டுகள். இப்போது செய்யும் ஒழுங்கு மாறியிருக்கிறது. கொப்பி எழுதுவது வாங்குபவர் மட்டுமல்ல, வீட்டில் வாகனம் ஓட்டும் எல்லாரும். இந்த நிகழ்வில் பற்றரிக்குப் பொருத்தமான ஓட்டம் அம்மாவுடையது. விலை பேசிய ஐந்து மாதத்தில் அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

மதிப்புரைகளை நான் ஒதுக்கச் சொல்வதில்லை. செருகினாரா, எந்த வேகம், எதோடு ஒப்பீடு என்ற மூன்றையும் சொல்லாத கட்டுரையை மட்டும் பக்கத்தில் வைத்துவிடச் சொல்கிறேன். கட்டு பாதியாகக் குறையும்.

எர்த்தை வாகனம் வரமுன் அளப்பது, அதுவும் ஆனி, ஆடியில். மழைக்காலத்தில் அளந்த எண்ணை ஏற்பதில்லை. மின்கட்டணப் பட்டியலும் சூரியத் தகட்டு ஒப்பந்தமும் பார்க்காமல் கிலோமீற்றர் கணக்குச் சொல்வதும் இல்லை. இந்த வீட்டின் 22 ரூபா விலை 2026இல் ஏழு ஆண்டு முடிய 15.50க்கு இறங்கும். வாகனத்துக்கு எடுக்கும் அலகின் இழப்பு அப்போது இன்னும் குறையும், ஆனால் மாதம் வீட்டுக்கு வரும் காசும் குறையும். அதைக் கேட்டு அவர் இப்போது கூரைக்கு இன்னும் தகடு போடலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.